ஆமத்தூரில் எரிதல் பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்’ என்றொரு பாடம். வேதிவினை நடக்க எவையெல்லாம் காரணமாகின்றன என்று சொல்லிக்கொண்டு வரும்போது தீக்குச்சி வருகிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால் தீ. உதகையில் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு தகவல். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் உள்ள ஆமத்தூரில் படிக்கும் பிள்ளைக்கு அப்படியல்ல. அந்தப் பிள்ளையின் பாட்டி சிறுவயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியிருப்பார். அம்மா பட்டாசு ஆபீஸில் திரி செருகுகிறவராக இருக்கலாம். தெருவில் யாராவது ஒருவர் மருந்து அறையில் வேலை பார்ப்பார். தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள்; வெடிக்கும் கலவைக்கு ‘மருந்து’ என்று பெயர்.

பாடம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடந்து முடிகிறது. வேதிவினைக்கான நிபந்தனைகளைப் பிள்ளைகள் வரிசையாக எழுதிப் பார்க்கிறார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு விடை குறித்துக்கொள்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பி, பொருத்துக எழுதி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் நாள்தோறும் பேசப்படும் விஷயமும் வகுப்பில் கரும்பலகையில் எழுதப்பட்ட விஷயமும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

இதற்குப் பொதுப் பாடத்திட்டத்தைக் குறை சொல்வது எளிது. அது தவறு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்பதைத் தமிழ்நாடு போராடித்தான் பெற்றது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பாடத்திட்டங்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடந்துகொண்டிருந்த காலம் உண்டு. 2006ல் முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2010ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டே ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் சமச்சீர்ப் புத்தகங்கள் கிடைத்தன. 2011ல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்க முயற்சி நடந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. பள்ளி திறந்தும் பிள்ளைகள் வாரக்கணக்கில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று, பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே புத்தகங்கள் கைக்கு வந்தன.

கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஓர் அறிவியல், கரிசல் காட்டுப் பிள்ளைக்கு இன்னோர் அறிவியல் என்ற நிலை அன்றோடு முடிந்தது. அந்த வெற்றியை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பின்னர் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வழிநடத்த, 2018லும் 2019லும் புதிய புத்தகங்கள் வந்தன. இன்று ஆமத்தூர்ப் பிள்ளை கையில் இருப்பவை அந்த வழியில் வந்தவைதான். அவை நல்ல புத்தகங்கள். செயல்பாடுகள் உண்டு, படங்கள் உண்டு, ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் கற்றல் நோக்கங்கள் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருக்க வேண்டியது, அவர்கள் எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது. எந்த உதாரணத்தைக் கொண்டு புரிந்துகொள்வது, எந்தக் கேள்வியால் அந்தப் புரிதலைச் சோதிப்பது என்பது மாநிலம் முழுக்க ஒரே அச்சில் இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இரண்டும் சேர்ந்தே பொதுவாகிவிட்டன. பட்டாசுத் தொழில் செய்யும் பகுதியில் இதன் விலை மிக அதிகம்.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளின் அறிவியல் புத்தகங்களையும் எடுத்து வைத்து, நெருப்போடு தொடர்புள்ளவற்றை மட்டும் கோத்துப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பில் வெப்பம், காற்று, மாற்றங்கள். மெழுகுவத்தி எரியக் காற்று வேண்டும் என்பதை அங்கேதான் பிள்ளை தெரிந்துகொள்கிறது. ஏழாம் வகுப்பில் எரிதல், எரிவெப்பநிலை, சுடரின் அமைப்பு. கூடவே நைலான், பாலியஸ்டர் பற்றிய பலபடி வேதியியல். எட்டாம் வகுப்பில் உராய்வு, உரசலால் உண்டாகும் மின்னூட்டம், புவியிணைப்பு, இடிதாங்கி, ஒலி, வேதிவினையின் நிபந்தனைகள். பட்டாசு ஆலையின் பாதுகாப்பு விதிகள் எதன் மேல் நிற்கின்றனவோ அந்த அறிவியல் முழுவதும், கிட்டத்தட்ட ஒன்றுகூட விடுபடாமல், பதின்மூன்று வயதுக்குள் பாடமாகிவிடுகிறது. ஆனால் அது ஏழெட்டுப் பாடங்களில் சிதறிக் கிடக்கிறது. சேர்த்துக் காட்ட வேண்டியவர் ஆசிரியர்.

ஆலை விதிகளிலிருந்தே தொடங்கலாம். மருந்தோடு வேலை பார்க்கிறவர்கள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். அறைக்குள் நுழையும் முன் உடலில் தேங்கிய மின்னூட்டம் தரைக்கு இறங்கும்படி செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இரும்புக் கருவி கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி. அக்கம்பக்கத்தில் இடிதாங்கி. தொழிலாளர் குடும்பங்கள் இவற்றைக் கேட்டுக் கேட்டு அறிந்தவை. போர்மேன் சொல்வார், அதிகாரி வரும்போது மீண்டும் சொல்வார். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ‘ரூல்ஸ்’ என்ற பதில்தான் வரும்.

காரணம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்க வைக்கும் சோதனையைச் செய்யாத பள்ளி இருக்காது. அதே சீப்பை வைத்துக்கொண்டு, நைலான் துணியைத் தேய்த்தால் என்ன ஆகிறது, பருத்தித் துணியைத் தேய்த்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். துணியைக் கொஞ்சம் ஈரப்படுத்தினால் இழுக்கும் வலு குறைகிறதா? மழை பெய்த நாளில் இந்தச் சோதனை ஏன் சரியாக வருவதில்லை? கடைசிக் கேள்வி ஆமத்தூருக்கு மிகவும் சொந்தமான கேள்வி. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த வானிலை இருப்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்தக் கரிசல் பூமியைத் தேடி வந்தன. 1922ல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் இங்கே ஆலை தொடங்க இந்த வறட்சியும் கைகொடுத்தது. குச்சி சீக்கிரம் காயும், மருந்து நமத்துப்போகாது. ஆனால் அதே உலர்ந்த காற்றில்தான் உரசலால் உண்டாகும் மின்னூட்டம் கசிந்து போகாமல் தேங்கி நிற்கும். தொழிலைக் கொண்டுவந்த வானிலையே ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைச் சீப்பையும் துணியையும் வைத்தே கண்டுபிடித்துவிட முடியும்.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் சோறு பொங்கும் அலுமினியப் பானை நாள்தோறும் அடுப்பில் ஏறுகிறது, தீப்பிடிப்பதில்லை. ஆலைக்கு வரும் அலுமினியப் பவுடரோ கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரிகிறது. பொருள் ஒன்றுதான். பொடியாகும்போது காற்று படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. எரிதலின் வேகமும் கூடுகிறது. விறகுக் கட்டை மெல்ல எரிவதும் சீவிய சுருள் சட்டென்று எரிவதும் இதனால்தான். அப்படியே அடுத்த கேள்விக்குப் போகலாம்: பவுடரில் ஈரம் பட்டால் என்ன? நுண்ணிய அலுமினியத் தூளோடு நீர் வினைபுரிந்தால் வெப்பம் உண்டாகும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கலந்த மருந்து மிச்சமாகி இரவெல்லாம் கிடந்தால் மறுநாள் காலையில் ஏன் ஆபத்து என்பதற்கான விடையில் ஒரு பங்கு இதில் இருக்கிறது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும் என்று ஆலைகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடப்புத்தகத்தின் பொதுவான வாக்கியம் ஓர் ஊருக்குப் போதாமல் போகும் இடமும் உண்டு. எரிபொருள், வெப்பம், ஆக்ஸிஜன் என்ற மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணையும் என்று வகுப்பில் சொல்லப்படுகிறது. அடுப்புத் தீக்கும் படப்புத் தீக்கும் இது சரி. பட்டாசு மருந்தில் ஆக்ஸிஜன் காற்றிலிருந்து வருவதில்லை; கலவைக்குள்ளேயே இருக்கிறது. வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்டும், இந்தப் பக்கத்தில் பச்சை உப்பு என்று அழைக்கப்படும் பேரியம் நைட்ரேட்டும் சூடானால் ஆக்ஸிஜனை விடுவிக்கும். மூடினாலும், சாக்கைப் போட்டு அமுக்கினாலும் எரிதல் நிற்காது. உலோகத் தூள் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ‘காற்றைத் தடு, தீ அணையும்’ என்பதை மட்டும் படித்துவிட்டு, பட்டாசுக்கான கருந்திரி கிடக்கும் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்குப் பாதி உண்மைதான் கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய மீதிப் பாதி ஒரே வரி: மருந்து எரிந்தால் அணைக்கப் போகாதே, ஓடு, தூரமாக ஓடு, மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடு.

இது வெறும் எச்சரிக்கை அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தமும் புகையும் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள், அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12ல் சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளம், 2024 பிப்ரவரி 17ல் வெம்பக்கோட்டை பக்கத்தில் ராமுதேவன்பட்டி, அதே ஆண்டு மே 9ல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1ல் சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. சேதி வரும்போது பெரும்பாலும், மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ ஏற்பட்ட உராய்வு என்று காரணம் சொல்லப்படுகிறது. மாவட்டத்தின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஆண்டே உராய்வைப் படிக்கிறார்கள். வழவழப்பான தரை, சொரசொரப்பான தரை, சைக்கிள் பிரேக், எண்ணெய் போட்ட இயந்திரம் என்று உதாரணங்கள் வரும். உராய்வால் வெப்பம் பிறக்கும் என்பதும் வரும். அந்த வெப்பம் எரிவெப்பநிலையைத் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தில் விடை இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒரு கேள்வி வினாத்தாளில் வந்தால் போதும், அந்த வகுப்பே வேறு வகுப்பாகிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விபத்துகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அறியாமையோ தொழிலாளர்களின் அறியாமையோ முதற்காரணம் என்று சொன்னால் அது அநியாயம். அளவுக்கு மீறிய ஆட்கள், மரத்தடியில் நடக்கும் வேலை, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க இன்னொருவருக்கு விடப்படும் உள்குத்தகை, கூலியைப் பீஸ் கணக்கில் கொடுத்து அவசரப்படுத்தும் முறை, கண்டும் காணாத ஆய்வு ஆகியவைதான் உயிரைக் குடிக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய வேண்டியது உரிமையாளர்களும் அரசும். அறிவியல் வகுப்பு அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. ஆனால், விதி ஏன் இருக்கிறது என்று தெரிந்தவர் அது மீறப்படும்போது கேள்வி கேட்பார். ‘ரூல்ஸ்’ என்று மட்டும் கேட்டு வளர்ந்தவர், மீறச் சொன்னாலும் அதையும் கேட்டுக்கொள்வார். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

வீடுகளுக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். உரிமம் இல்லாமல் வீட்டில் கருந்திரி பின்னுவதும் பட்டாசு செய்வதும் இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் நடக்கிறது. வீடு இடிந்து விழுந்த செய்திகளும் வருகின்றன. ஆலையிலாவது போர்மேன் இருப்பார், இடைவெளி இருக்கும். வீட்டில் அடுப்பும் செல்போன் சார்ஜரும் குழந்தையும் திரியும் ஒரே கூரையின் கீழ். அந்த வீட்டில் எரிவெப்பநிலை என்றால் என்ன என்று படித்தவர் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவராகத்தான் பல நேரம் இருப்பார்.

பட்டாசைப் பற்றி வகுப்பில் பேசினால் பிள்ளைகள் செய்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் சில ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உண்டு. நியாயமான பயம். எந்த உப்பை எவ்வளவு கலப்பது என்பதைப் பள்ளி சொல்லித் தர வேண்டிய தேவையே இல்லை. பள்ளிக்குள் ஒரு சிட்டிகை மருந்தும் வரக் கூடாது. எரிதலைப் படிக்க மெழுகுவத்தி போதும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்காக ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவை. சுடர் ஏன் மஞ்சள், நடுவில் ஏன் இருள், கரி எங்கிருந்து வருகிறது, எரிந்து தீர்ந்த மெழுகு எங்கே போனது என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். அவை ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்தான்.

அந்த மெழுகுவத்தியை வைத்தே நம் பள்ளிகளில் நடக்கும் ஒரு சோதனையைப் பார்க்கலாம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் என்பதற்கு இதுவே சான்று என்று பல வகுப்புகளில் விளக்கம் தரப்படுகிறது. இந்த விளக்கம் பிழையானது. ஆக்ஸிஜன் முழுவதும் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. சூடாகி விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதுதான் தண்ணீர் ஏற முதன்மைக் காரணம். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியும்: ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்று வைத்துப் பார்த்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருந்த ஆக்ஸிஜன் அதேதானே, பிறகு எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்தப் பாடவேளை வெற்றி. பாடத்திட்டம் எதிர்பார்ப்பது இதைத்தான். கைடு தருவதோ ஒற்றை வரி விடை.

பாடத்திட்டம் எதிர்பார்க்கிறது என்று சொல்ல ஆதாரம் உண்டு. 2017ல் என்சிஇஆர்டி வெளியிட்ட தொடக்கநிலைக் கற்றல் விளைவுகளில், ஆறு முதல் எட்டு வரையிலான அறிவியலுக்கு, எளிய ஆய்வு செய்து கேள்விக்கு விடை தேடுவது, நிகழ்வைக் காரணத்தோடு தொடர்புபடுத்துவது, கற்றதை அன்றாட வாழ்வில் பொருத்துவது ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. ஆமத்தூர்ப் பிள்ளையின் அன்றாட வாழ்வு என்றால் அது பட்டாசும் தீப்பெட்டியும் கரிசல் மண்ணும்தான். அதைத் தொடாமல் இந்த விளைவு எப்படி எட்டப்படும்?

அமெரிக்காவில் 2013 ஏப்ரலில் வெளிவந்த ‘அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்’ இந்த இடத்தில் உதவும். 26 மாநிலங்கள் முன்னின்று உருவாக்கியவை அவை. நடுநிலை வகுப்புகளுக்கான வேதியியலில் எதிர்பார்ப்பு இப்படி இருக்கிறது: இரண்டு பொருள்கள் சேர்வதற்கு முன்னும் பின்னும் உள்ள பண்புகளைத் தரவுகளாகக் கொண்டு, வேதிவினை நடந்ததா என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும், வினையில் அணுக்களின் எண்ணிக்கை மாறாததால் நிறை மாறாது என்பதை ஒரு மாதிரி அமைத்து விளக்க வேண்டும். எந்தப் பொருள், எந்த ஊர் உதாரணம் என்று தரநிலை கட்டிப்போடவில்லை. அது ஆசிரியரிடமும் உள்ளூரிடமும் விடப்பட்டிருக்கிறது. அங்கேயும் எல்லாப் பள்ளிகளிலும் இது நன்றாக நடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் எதைப் பொதுவாக்குவது, எதைத் திறந்துவிடுவது என்ற அந்தப் பிரிப்பு சரியானது.

கம்பி மத்தாப்பை வைத்து அந்தப் பாடத்தை இங்கே அழகாக நடத்தலாம். கொளுத்தும் முன் எப்படி இருந்தது, எரிந்த பின் கம்பியில் ஒட்டியிருப்பது என்ன, பறந்த பொறிகள் எவை, புகையாகப் போனது எவ்வளவு? எடை குறைந்ததா, குறைந்தது எங்கே? கொளுத்துவது வீட்டில், பெரியவர் கையில், தீபாவளியன்று. கணக்குப் போடுவது வகுப்பில்.

ஒலியும் அப்படித்தான். ஒலி காற்றில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும் என்று எட்டாம் வகுப்பு படிக்கிறது. வானில் வெடி பூத்ததும் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தினால் தூரம் தெரிந்துவிடும். மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தீபாவளி ராத்திரி மட்டும் கிடைக்கும் இந்த ஆய்வுக்கூடம், புது ரகங்களை வெடித்துப் பார்க்கும் இந்தப் பகுதியில் அடிக்கடி கிடைக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி ஏன் வந்தது, 4 மீட்டர் என்று ஏன் குறிப்பிட வேண்டும், தூரம் கூடினால் சத்தம் எப்படிக் குறைகிறது என்றெல்லாம் பேச்சு தானாக வளரும்.

பச்சைப் பட்டாசு பற்றியும் பேசத்தான் வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. புகை குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. மத்திய அரசின் நீரி ஆய்வகம் அவற்றுக்கான கலவைகளை உருவாக்கியது. ஆமத்தூர்ப் பகுதி வீடுகளில் இந்தத் தீர்ப்பு வேலை நாள்களாகவும் கூலியாகவும் உணரப்பட்டது. பேரியம் ஏன் கெடுதல் என்று மட்டும் பிள்ளைகளிடம் யாரும் விளக்கவில்லை. நீரில் கரையும் பேரியம் உப்பு உடலுக்கு நஞ்சு. கரையாத பேரியம் சல்பேட்டை எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்கே குடிக்கக் கொடுக்கிறார்கள். கரைதல் என்ற ஆறாம் வகுப்புப் பாடம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

பச்சை நிறம் தருவதும் அதே பேரியம். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், செம்பு நீலம். சுடரின் நிறத்தைக் கொண்டு தனிமத்தை அடையாளம் காணலாம் என்று பன்சனும் கிர்க்காஃபும் காட்டிய சில ஆண்டுகளில், 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது குண்டூரிலிருந்து வானியலாளர் ஜான்சென்னும் மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வான்நோக்கு நிலையத்தின் போக்சனும் சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஹீலியம் என்ற தனிமம் தெரியவந்தது அந்த வழியில்தான். பட்டாசு ஆபீஸின் நிறங்களிலிருந்து சூரியனுக்குப் போக இரண்டே படிகள். உள்ளூர் உதாரணம் பிள்ளையை உள்ளூரிலேயே கட்டிப்போட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது பதிலாகும்.

அந்த அச்சம் உண்மையிலேயே சிலரிடம் இருக்கிறது. பட்டாசுத் தொழிலுக்கு ஆள் தயார் செய்வதா பள்ளியின் வேலை என்று கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். விடியும் முன் பேருந்தில் ஏற்றி ஆலைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளின் ஊர் இது. 1988ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய முதல் இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் உரிமையாளர் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது சிவகாசியை முன்வைத்துத்தான். அதன் பிறகு ஆபீஸிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றிருக்கிறது. தேர்ச்சி விகிதத்தில் இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொழிலைக் கற்றுத் தருவதும் தொழிலின் அறிவியலைக் கற்றுத் தருவதும் வேறு வேறு. இரண்டாவது, பிள்ளையை அந்தத் தொழிலுக்கு வெளியேயும் கொண்டுபோகும். உள்ளே போக நேர்ந்தால் உயிரோடு திரும்பவும் உதவும்.

ஆசிரியர்கள் மேல் மட்டும் சுமையை வைக்க முடியாது. பருவத்துக்குள் பாடம் முடிய வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், எமிஸ் இணையதளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும். உதவி இல்லாமல் இல்லை. 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள 13,210 அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைக் கருவிகளோடு கருத்தாளர்களை அனுப்பும் திட்டம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980லிருந்து ஊர் ஊராகச் செய்துவரும் வேலையின் தொடர்ச்சி அதில் தெரிகிறது. அந்த இயக்கம் நடத்தும் ‘துளிர்’ இதழ் பல பள்ளி நூலகங்களுக்குப் பழக்கமானது. சிவகாசிப் பகுதிக்குப் போகும் வானவில் மன்றக் கருத்தாளர் கையில் சிவகாசிக்கென்றே தயாரித்த ஐந்தாறு செயல்பாடுகள் இருந்தால் என்ன குறைந்துவிடும்? சீப்பும் துணியும், மூன்று மெழுகுவத்தி, தண்ணீர் நிரம்பிய காகிதக் கோப்பை சுடர்மேல் எரியாமல் நிற்பது, வினாடி எண்ணி தூரம் காண்பது. செலவு சில நூறு ரூபாய்க்குள்.

வினாத்தாள்தான் கடினமான இடம். தேர்வில் வராத எதையும் வகுப்பில் நடத்த நேரம் கிடைக்காது என்பது ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்லும் உண்மை. ஆகவே மாநில அளவில் கேள்விகள் பொதுவாக இருக்கட்டும். ஒரு கேள்வி மட்டும் மாவட்டத்துக்கு விடப்படட்டும். நாகப்பட்டினத்தில் அது உப்பளத்தைப் பற்றி இருக்கலாம், திருப்பூரில் சாயத்தைப் பற்றி, நீலகிரியில் பனியைப் பற்றி. விருதுநகரில் நெருப்பைப் பற்றி. புரிய வேண்டியது எல்லோருக்கும் ஒன்று, கேட்கும் விதம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. சமச்சீரின் நியாயம் இதனால் குலையாது, இன்னும் உறுதிப்படும்.

2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாடு தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. பாடத்திட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது இந்த இடத்தை அதில் எழுதி வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்க அவசியமும் இல்லை. விருதுநகர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இப்போதே மூன்று வகுப்புப் புத்தகங்களிலும் சிதறிக் கிடப்பவற்றைத் திரட்டி, இருபது பக்கத்தில் ஓர் இணைப்பு நூல் கொண்டுவரலாம். சிவகாசியில் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நீரியின் மூலப்பொருள் சோதனைக் கூடம் இருக்கிறது. தீயணைப்புத் துறை இருக்கிறது. அந்த நூலைச் சரிபார்த்துத் தர ஆள் இல்லாத ஊர் அல்ல இது. அச்சடிக்க அச்சகம் தேடவும் வேண்டாம்.

ஆமத்தூர்ப் பக்கத்துப் பெற்றோர் இதற்கு முதலடி எடுக்க முடியும். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அவர்களில் பலர் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எரிதல், உராய்வு, மின்னூட்டம் ஆகிய பாடங்கள் நடக்கும்போது வானவில் மன்றக் கருத்தாளரை வரவழையுங்கள். அனுபவமுள்ள போர்மேன் ஒருவரையும் தீயணைப்பு நிலைய வீரர் ஒருவரையும் அந்த வாரம் வகுப்புக்கு அழையுங்கள். மருந்து எரிந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் காரணத்தோடு சொல்லும் வரை அந்தப் பாடத்தை முடித்துவிட்டதாகக் கணக்கில் எழுத வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.